டபுள் விசில் அக்காவின் செல்லாத கோல்

ஜெயங்கொண்டத்தில் டபுள் விசில் அக்காவின் விசிலுக்கு அடங்காத உயிர் எதுவும் கிடையாது. பஸ் ஸ்டாண்டின் நடுவழியில் படுத்து அசைபோடும் செவலை மாடு ஒன்று இருக்கிறது. டிரைவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் வெந்நீரைக் காட்டி மிரட்டிப் பார்த்தார். போலீஸ்காரர் லத்தியால் தரையைத் தட்டிப் பார்த்தார். அது காதை மட்டும் ஆட்டும். அக்கா இரண்டு விசில் அடித்தால் எழுந்து, சோம்பல் முறித்து, விருத்தாசலம் பஸ் நிற்கிற பக்கமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அக்காவின் நிஜப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. காக்கிச் சட்டையில் பெயரைக் குத்தியிருக்கிறார்தான். ஆனால் தோள்பையின் வார் எப்போதும் அதன்மேல் குறுக்கே ஓடும். என்னைவிட வயதில் இளையவர். இருந்தாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். ஊருக்கே அக்கா என்றால் எனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?

ஜெயங்கொண்டத்துக்கும் மீன்சுருட்டிக்கும் நடுவே ஓடும் டவுன் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். இது எல்லாக் கண்டக்டருக்கும் பொதுதான். ஆனால் அக்கா அடிக்கிற இரண்டு விசிலில் எஞ்சின் ஆஃப் ஆகியிருந்த வண்டிகூடக் கிளம்பிவிடும் என்று டிரைவர்களே சொல்வார்கள்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஆனால் டிக்கெட் உண்டு. மெஷினில் தட்டிக் கொடுக்கும் அந்தச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒருநாள் கங்கைகொண்ட சோழபுரத்தில் அக்காவின் அம்மாவே ஏறினார். மகள் வண்டிதானே என்ற தைரியத்தில் சீட்டைச் சுருட்டி ஜன்னல் வழியே எறிந்துவிட்டார்.

“டிக்கெட் எங்கம்மா?”

“ஏண்டி, ஓசி டிக்கெட்டுதானே? தூக்கிப் போட்டுட்டேன்.”

“ஓசின்னாலும் டிக்கெட் டிக்கெட்டுதான். செக்கர் ஏறிக் கேட்டா யாரு பதில் சொல்றது?”

“நீதான் சொல்லணும். ஒன்னையப் பெத்தவதானே நானு?”

“பெத்ததுக்கெல்லாம் மெஷின்ல பட்டன் இல்லம்மா.”

ஒரு விசில். வண்டி நின்றது. அம்மா இறங்கி, முந்திரித் தோப்பு ஓரமாகக் குனிந்து சீட்டைத் தேடினார். பாவம் பார்த்து நாலைந்து பேர் கூட இறங்கித் தேடினார்கள். சீட்டு கிடைத்து, அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் இரண்டு விசில் கேட்டது. அந்த வண்டியில் நானும் இருந்தேன். நான் வாங்கியிருந்த டிக்கெட்டைச் சட்டைப்பையில் இருந்து எடுத்து, இறங்குகிற வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட மனுஷியிடம் என் மகள் யாழினியைக் கால்பந்து கற்றுக்கொள்ள அனுப்பியது என் மனைவி. நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிற தொழில். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். “சரிங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தவன் நான்.

“பாப்பாவக் கூட்டிட்டுப் போற சாக்குலயாவது கிரவுண்ட நாலு சுத்து நடங்க. வயித்தப் பாருங்க, பத்திரக் கட்டு மாதிரி இருக்கு” என்றாள் மனைவி.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தனியார் பள்ளி இருக்கிறது. அதன் மைதானத்தை என் தொழில் முறைப்படி சொல்வதென்றால், பிள்ளைகள் கழிவறைக்கு மேற்கு, தாளாளரின் தென்னந்தோப்புக்குக் கிழக்கு, வேன் கொட்டகைக்குத் தெற்கு, கருவேல முள்வேலிக்கு வடக்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட செம்மண் பொட்டல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை அக்காவுக்கு விட்டிருந்தார் தாளாளர். அக்கா பள்ளிக்கூடக் காலத்தில் நன்றாக ஆடியவராம். அப்பா திடீரென்று போய்விட, அவருடைய கண்டக்டர் வேலை மகளுக்கு வந்தது, பந்து நின்றுபோனது. இத்தனை வருஷம் கழித்து மறுபடி அதைத் தொட்டிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்காக, மற்ற கண்டக்டர்களின் தீபாவளி, பொங்கல் டூட்டியெல்லாம் இவர் பார்த்தார். “பொங்கலுக்குக் கூட வூட்ல இல்லாம அப்படி என்னா பந்து வேண்டிக்கெடக்கு?” என்று அவர் அம்மா டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி பஸ்ஸிலேயே புலம்புவார்.

அங்கே வந்தவையெல்லாம் ஆறு, ஏழு வயசுப் பொடிசுகள். பாதிப் பேருக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. முதல் நாள் பந்தைக் கீழே வைத்ததும் அத்தனையும் அதன்மேல் பாய்ந்தன. பந்து தெரியவில்லை. கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் வைத்த மேஜைதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேறொரு கோச்சாக இருந்தால் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கியிருப்பார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார்.

“எல்லாரும் படிலயே தொங்குனா எப்படி? உள்ள போ, உள்ள போ! பின்னாடி வண்டியே காலியாக் கெடக்கு!”

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பிள்ளைகளும் சட்டென்று பிரிந்து மைதானம் முழுக்கப் பரவி நின்றன. பிறந்ததிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற பிள்ளைகள். அதட்டல் புரியாமல் இருக்குமா?

அதற்குப் பிறகு எல்லாமே பஸ்தான். செங்கற்களுக்கு வெள்ளையடித்து வரிசையாக வைத்தார். முதல் செங்கல் ஜெயங்கொண்டம், கடைசிச் செங்கல் மீன்சுருட்டி. பந்தைக் காலால் தட்டிக்கொண்டே ஒவ்வொரு ஸ்டாப்பாகப் போக வேண்டும். இரண்டு விசில் கேட்டால் ஓட்டம். ஒரு விசில் கேட்டால் பந்தின் மேல் காலை வைத்து நிறுத்த வேண்டும்.

“டேய், பந்துதான் வண்டி. நீ டிரைவர். ஸ்டாண்டுல இருந்து எடுக்குறப்பவே நாலாவது கியர் போடுவியா?”

“மாட்டேங்க்கா.”

“அப்புறம் ஏன் ஒரே ஒதையா வேலிக்கு அனுப்புற? மொதல் கியர் போடு. சின்னச் சின்னதாத் தட்டு. வண்டி ஒன் காலடியிலயே இருக்கணும். ஆங், அப்படித்தான். பிரேக் மெதுவா! பின்னாடி ஆயா நிக்கிது, விழுந்துரும்!”

பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். யாழினி ஒருமுறை திரும்பி, இல்லாத ஆயாவிடம் “சாரி ஆயா” என்றாள். நடுவில் கங்கைகொண்ட சோழபுரம் செங்கல்லில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். “கோயில் பாக்குறவங்க எறங்குவாங்க. எறங்கட்டும். அவசரப்படாத” என்பார் அக்கா. பிள்ளைகள் பந்தின் மேல் ஒரு காலை வைத்து, வேன் கொட்டகையை அண்ணாந்து பார்த்தபடி பொறுமையாக நிற்கும். பந்தை அடக்கி நிறுத்துவது பெரிய ஆட்டக்காரர்களுக்கே கஷ்டம் என்று சொல்கிறார்கள். எங்கள் பொடிசுகளுக்கு ஒரு மாதத்தில் வந்துவிட்டது.

பக்கத்தில் இருப்பவனுக்குப் பந்தைக் கொடுப்பதற்கும் ஒரு பாடம். “சில்லறையத் தூக்கி எறிவியா, கைல வெச்சுக் குடுப்பியா? கால உள்பக்கமாத் திருப்பி, வெச்சுக் குடு.” கோல் கீப்பராக நின்ற முகிலனுக்குத் தனிப் பாடம். “நீதான் கண்டக்டரு. வண்டி ஃபுல்லு. ரெண்டு கையையும் விரிச்சு வாசல்ல நில்லு. ஒரு பந்தையும் ஏத்தாத.” முகிலன் மிகவும் மரியாதையான பையன். வருகிற பந்தைப் பார்த்து “அடுத்த வண்டில வாங்க, அடுத்த வண்டில வாங்க” என்று கெஞ்சுவான். பந்து அவனைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

யாழினி இன்னொரு தினுசு. அவளுக்குப் பந்தைக் கண்டால் பயம். பந்து வந்தால் முதுகைக் காட்டுவாள். ஆனால் விசிலுக்கு அவளைப் போல அடங்குகிற பிள்ளை கிடையாது. ஒரு விசிலில் நின்றாளானால், இரண்டு விசில் வருகிற வரை மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள். “இதுதான் என் நம்பிக்கையான டிரைவரு” என்று அக்கா அவள் தலையைத் தடவுவார். நான் வேலியோரம் நிழலில் உட்கார்ந்து பெருமைப்படுவேன். நடக்கவில்லையா என்று கேட்காதீர்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கராத்தே மாஸ்டர் வந்து சேர்ந்தார். வெள்ளை உடுப்பு, கறுப்பு பெல்ட், கம்பி மாதிரி உடம்பு. நல்ல மனிதர்தான். அவருக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை காலைதான் வேண்டும் என்றார். பெற்றோர்கள் பாதிப் பேர் உடனே சாய்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா என்னிடமே கேட்டார்.

“கராத்தேல மஞ்ச பெல்ட்டு, பச்ச பெல்ட்டுன்னு தராங்க. இங்க என்னா தராங்க? மீன்சுருட்டி வரைக்கும் போயிட்டு வரச் சொல்றாங்க.”

தாளாளர் நியாயஸ்தர். அவருக்குக் கால்பந்தும் தெரியாது, கராத்தேயும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: கொடுத்த வாக்கை மாற்றக் கூடாது. அக்காவைக் கூப்பிட்டார்.

“பெரம்பலூர்ல ஒரு ஸ்கூல்ல சின்னப் புள்ளைங்க போட்டி வைக்கிறாங்களாம். போயிட்டு வாங்கம்மா. ஜெயிக்க வேணாம். ஒரே ஒரு கோல் போடுங்க. போட்டா கிரவுண்டு ஒங்களுக்கு. இல்லன்னா மாஸ்டருக்கு. என் பேச்சு பேச்சுதான்.”

“சரிங்க சார்” என்றார் அக்கா. கை மட்டும் கழுத்தில் தொங்கிய விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

வெளியே வந்ததும், ஊரில் வேறு இடம் இல்லாமலா போய்விடும் என்று நான் சமாதானம் சொன்னேன்.

“பெரிய பசங்க கிரிக்கெட் ஆடுற எடத்துல இதுங்கள எறக்குனா மிதிச்சுருவானுங்க சார். இது போச்சுன்னா வேற எடம் கெடையாது. வாரம் பூரா என்னையத் தேடி வர்றவங்க சில்லறைக்குச் சண்ட போடத்தான் வாராங்க. சிரிச்சுக்கிட்டே என்னையப் பாத்து ஓடி வர்றது இதுங்க மட்டும்தான்.”

அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. போட்டிக்குத் தண்ணீர் கேன் தூக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

பெரம்பலூருக்கு பஸ்ஸில்தான் போனோம். அக்கா வேனில் வர மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் டிக்கெட் கொடுக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவர் உடையார்பாளையம் வருவதற்குள் எழுந்துவிட்டார். “அண்ணே, கொஞ்சம் உள்ள போங்க. ஆயா, பைய காலுக்குக் கீழ வைங்க.” வண்டியின் நிஜக் கண்டக்டர் ஓர் இளவட்டம். முதலில் முறைத்தான். பிறகு வசதியாக இருக்கவே விட்டுவிட்டான். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கியவன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் கண்ஜாடைகூடக் காட்டிவிட்டுப் போனான்.

வண்டி நிரம்பியது. படியில் இருந்தவர்கள் உள்ளே போனார்கள். அக்காவின் கை தானாக விசிலுக்குப் போனது. இரண்டு விசில்.

டிரைவர் எடுத்துவிட்டார். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே வண்டி மெயின்ரோட்டில் பாதித் தூரம் போன பிறகுதான், பின்னால் ஒருவன் டீ கிளாஸோடு ஓடி வருவது தெரிந்தது. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு விசில் அடித்தார். கண்டக்டர் மூச்சு வாங்க ஏறினான்.

“யாருங்க விசில் அடிச்சது?”

எங்கள் பிள்ளைகள் அத்தனையும் ஒரே குரலில் “எங்க அக்கா!” என்றன. அவ்வளவு பெருமை.

இதை அப்போது சிரித்துவிட்டு விட்டோம். இந்த விசிலே கொஞ்ச நேரத்தில் எங்கள் காலை வாரும் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

பெரம்பலூர் மைதானத்தில் புல் இருந்தது. எங்கள் பிள்ளைகள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தன. எதிர் டீமுக்கு மஞ்சள் ஜெர்சி, எண்ணெல்லாம் போட்டது. தாளாளர் காரில் வந்து ஷாமியானாவில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ரெஃப்ரி கறுப்பு உடையில், கறாரான முகத்தோடு நடுவில் வந்து நின்றார். ஆட்டத்தைத் தொடங்குவது மஞ்சள் டீம்.

ரெஃப்ரி ஓங்கி ஒரு விசில் அடித்தார்.

எங்கள் பிள்ளைகள் நின்றுவிட்டன. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தன. இப்போது இன்னும் நன்றாக நின்றன. ஒரு விசில் ஆயிற்றே! மஞ்சள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளுக்கு நடுவே, துணிக்கடை பொம்மைகளுக்கு நடுவே புகுந்து போவது போலப் பந்தைத் தட்டிக்கொண்டு போயின. முகிலன் மட்டும் வாயைத் திறந்து “அடுத்த வண்டில வாங்க” என்றான். கோல்.

அடுத்து நாங்கள் தொடங்க வேண்டும். ஒரு விசில். யாரும் அசையவில்லை. “கிக்! கிக் பண்ணுங்கப்பா!” என்றார் ரெஃப்ரி. பிள்ளைகள் பரிதாபமாக அவரைப் பார்த்தன. அவர் பொறுமை இழந்து இன்னொரு விசில் அடித்தார். மொத்தம் இரண்டாயிற்றா? களத்தில் நின்ற எங்கள் ஏழு பேரும் சிட்டாய்ப் பறந்தார்கள். பாதி மைதானம் வரை அழகாகக் கொண்டுபோனார்கள். யாரோ ஒரு பிள்ளையின் காலைத் தட்டிவிட, மஞ்சள் டீமுக்கு ஃப்ரீ கிக் என்று ரெஃப்ரி ஒரு விசில் அடித்தார். மறுபடி பொம்மைகள். மறுபடி கோல்.

ரெஃப்ரி அக்காவிடம் வந்தார்.

“ஏம்மா, புள்ளைங்க ஏன் நிக்கிது?”

“நீங்க விசில் அடிச்சீங்கள்ல சார்?”

“ஆரம்பிக்கத்தான் அடிச்சேன்!”

“ஆரம்பிக்கணும்னா ரெண்டு அடிக்கணும் சார். ஒண்ணு அடிச்சா நிக்கத்தான் செய்யும்.”

“இது எந்த ரூல்ல இருக்கு?”

“எந்த பஸ்ஸுல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க சார்.”

ரெஃப்ரி எந்த பஸ்ஸிலும் கேட்கத் தயாராக இல்லை. ஆட்டம் தொடர்ந்தது. வரிசையாகக் கோல் வாங்கினோம். இடைவேளை நெருங்கியபோது பந்து எங்கேயோ பட்டு உருண்டு, யாழினியின் காலடியில் வந்து நின்றது. அவள் ஒரு விசிலுக்கு நின்றவள். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தாள். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார். இடைவேளை என்பதற்கு அடையாளமாக இரண்டு விசில் அடித்தார்.

மஞ்சள் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க நடந்தன. அவர்களுடைய கோல் கீப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே போனான். என் மகள் கிளம்பினாள். மொதல் கியர், ரெண்டாவது கியர், பந்து காலடியை விட்டு விலகவில்லை. பந்தைக் கண்டால் முதுகைக் காட்டுகிற பிள்ளை! காலியாகக் கிடந்த கோலுக்கு முன்னால் ஒரு கணம் நின்று, காலை உள்பக்கமாகத் திருப்பி, சில்லறை கொடுப்பது போலப் பந்தை வலைக்குள் வைத்தாள். எங்கள் பிள்ளைகள் கத்திய கத்தலில் பந்தல் ஆடியது. நான் தண்ணீர் கேனைத் தலைக்குமேல் தூக்கிவிட்டேன். பாதித் தண்ணீர் என்மேலேயே கொட்டியது. ஷாமியானாவில் தாளாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

ரெஃப்ரி மட்டும் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார். செல்லாது.

இடைவேளையில் அக்கா புல்லில் உட்கார்ந்துவிட்டார். “மறந்தே போச்சு சார். நானும் சின்னப் புள்ளையில ஒத்த விசில்லதான் ஆட்டம் ஆரம்பிச்சிருக்கேன். இந்த வேல அதெல்லாத்தையும் அழிச்சிருச்சு பாருங்க” என்றார். பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தார்.

“கேளுங்க தங்கங்களா. அவரு விசில் நம்ம விசில் இல்ல. அவரு செக்கரு. செக்கர் ஒரு விசில் அடிச்சா நாம பயந்து நிக்கணுமா? கைல டிக்கெட் இருக்குறவன் செக்கரப் பாத்து எதுக்குப் பயப்படணும்? நீங்க பாட்டுக்குப் போங்க.”

“நம்மகிட்ட டிக்கெட் இருக்காக்கா?” என்றான் முகிலன்.

“எல்லாருக்கும் எடுத்தாச்சுடா. போ.”

இரண்டாம் பாதியில் எங்கள் பிள்ளைகள் ஆடியதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். படியில் தொங்காமல் பரவி நின்றார்கள். வைத்துக் கொடுத்தார்கள். முகிலன் ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு “ஃபுல்லு! வண்டி ஃபுல்லு!” என்று கத்தினான். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆனால் கோல் மட்டும் விழவில்லை. கடைசியில் ரெஃப்ரி மூன்று விசில் அடித்தார். பழக்கம் விடுமா? இரண்டுக்கு ஓடி, மூன்றாவதுக்கு நின்றார்கள்.

தாளாளர் சிரித்துக்கொண்டே வந்தார். “பரவால்லம்மா! தோத்தாலும் ஒரு கோல் போட்டாச்சு. கிரவுண்டு ஒங்களுக்குத்தான்.”

அவருக்கு அது செல்லாது என்பது தெரியாது என்று எனக்கு அந்த நொடியில் புரிந்தது. “ஆமாங்கய்யா, அருமையான கோல்” என்று அவசரமாக முந்திக்கொண்டேன். அக்கா வாயைத் திறந்தார். நான் இருமினேன். கண்ஜாடை காட்டினேன். கேனால் அவர் காலை இடித்தேன்.

“சார், அது செல்லாதுங்க. ஆட்டம் நின்ன பெறவு போட்டது.”

“வலைக்குள்ள போச்சேம்மா?”

“போச்சுங்க. ஆனா செல்லாது. டிக்கெட்டுக்காக எங்கம்மாவையே எறக்கித் தேட விட்டவ நானு. டிக்கெட் இல்லாத கோல வெச்சுக்கிட்டு அந்தக் கிரவுண்டுல எப்படிங்க நிப்பேன்?”

தாளாளர் முகமும் வாடித்தான் போனது. ஆனாலும் பேச்சு பேச்சுதான் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஒருவரையும் உள்ளே போகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கராத்தே. அக்கா ஓய்வை விட்டுக் கொடுத்துவிட்டு ஞாயிறும் வண்டிக்குப் போனார். ஒருநாள் யாழினியோடு நான் அவர் பஸ்ஸில் ஏறினேன். அக்கா டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். கங்கைகொண்ட சோழபுரம் வந்தது. ஒரு விசில். என் மகள் தன்னை அறியாமல் வலது காலை லேசாகத் தூக்கி, இல்லாத ஒரு பந்தின் மேல் மெதுவாக வைத்து நின்றாள். அக்கா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறங்க வேண்டியவர்கள் இறங்கிய பிறகும் இரண்டு விசில் வரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் வந்தது.

ஆனால் அக்கா போட்ட விதையை அவராலேயே பிடுங்க முடியாது என்பது கராத்தே மாஸ்டருக்குத்தான் முதலில் தெரிந்தது. அவரும் விசில்காரர். ஒரு விசிலுக்கு ஓர் உதை என்பது அவர் கணக்கு. விசில் அடித்தார். பிள்ளைகள் நின்றன. “கிக்!” என்றார். கால் மேலே போனது. அடுத்த விசில் அடித்தார். மேலே போன கால் மேலேயே நின்றது. வரிசையாக அத்தனை பிள்ளைகளும் ஒற்றைக்காலில், வேன் கொட்டகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றன. இதென்ன கூத்து என்று அவர் பதறி இரண்டு விசில் அடித்தார். மைதானம் காலி. கழிவறைப் பக்கம் பாதி, தென்னந்தோப்புக்குள் பாதி. நான்கெல்லையையும் தாண்டிவிட்டன.

சில வாரம் போராடினார். பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அக்காவின் வண்டியில் ஏறினார்.

“மேடம், இத எப்படிங்க கழட்டுறது?”

“எத சார்?”

“புள்ளைங்க காதுல ஒங்க விசில்தான் இருக்கு.”

“கழட்ட முடியாது சார். எனக்கே கழட்ட முடியல” என்றார் அக்கா. பிறகு, “பேசுறதுன்னாலும் ஸ்டாப் தாண்டியாச்சு. டிக்கெட் எடுத்துருங்க” என்றார்.

மாஸ்டர் டிக்கெட் எடுத்தார். மீன்சுருட்டி வரை போய்விட்டு, திரும்பி வருவதற்கும் எடுத்தார். அதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். மறுநாள் அவரே தாளாளரிடம் போய், தனக்குச் சனிக்கிழமை போதும், ஞாயிற்றுக்கிழமையை அந்தம்மாவுக்கே கொடுத்துவிடுங்கள் என்றார். சனிக்கிழமை அவர் விசில் அடிப்பதில்லை, கைதட்டுகிறார்.

“நான் குடுத்த பேச்ச நான் மாத்தல. மாஸ்டர்தான் மாத்துறாரு” என்று தாளாளர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அக்கா திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை செங்கற்களுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. பிள்ளைகள் அவரைச் சுற்றிப் படியில் தொங்குவது போலத் தொங்கின. அக்கா உள்ளே போகச் சொல்லவே இல்லை. யாழினிதான் கேட்டாள்.

“அக்கா, நம்ம டீம் இதுவரைக்கும் எத்தன கோல் போட்டுருக்கு?”

பெற்ற தாய்க்கே சலுகை காட்டாத மனுஷி. என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் கேனோடு நின்றேன். அக்கா குனிந்து என் மகளின் ஷூ லேஸை இழுத்துக் கட்டிவிட்டார்.

“அது செல்லாதுடா தங்கம்” என்றார். பிறகு அவள் காதருகே, “ஆனா வண்டி போய்ச் சேந்துச்சுல்ல?” என்றார்.

யாழினி தலையை ஆட்டினாள். அக்கா நிமிர்ந்து இரண்டு விசில் அடித்தார். பிள்ளைகள் ஓடின. கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன், கையில் கேனோடு நானும் ஓடிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொல்லியும், மனைவி சொல்லியும் அசையாத கால் இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த விசில் கேட்டால் மட்டும், இந்த உடம்பு இன்னும் கொஞ்ச நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஓடுகிறது.